கீ சரியாக இருந்தால் படம் வராது: விண்டோஸ் இன்ஸ்டாலரில் கைவைத்த அனுபவம்

"விர்ச்சுவல் மெஷினில் எல்லாம் ஒழுங்காக வந்தது. லேப்டாப்பில் போட்டால் வால்பேப்பர் மட்டும் வரவில்லை, ஏன்?" சொந்த வால்பேப்பர் தானாக வரும்படி விண்டோஸ் இன்ஸ்டாலரை மாற்றியமைத்து, முதலில் விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) சோதித்த ஒரு நண்பர் இப்படிக் கேட்டதால்தான் இந்தப் பதிவு. ஐஎஸ்ஓவை (இன்ஸ்டாலர் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) பிரிப்பது, டிஸ்ம் (விண்டோஸ் இமேஜ்களைத் திருத்தும் கருவி) கட்டளை கொடுப்பது எல்லாம் தெரிந்தவர்களுக்கு எழுதுகிறேன்.

நேராகப் பதிலுக்கு வருவோம். ஐஎஸ்ஓவின் சோர்சஸ் ஃபோல்டருக்குள் $ஓஇஎம்$, அதற்குள் $$, அதற்குள் செட்டப், அதற்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்று அடுக்கி, கடைசியில் வால்பேப்பரை மாட்டும் கட்டளைகளை எழுதிய செட்டப்கம்ப்ளீட்.சிஎம்டி என்ற ஸ்கிரிப்ட் கோப்பை வைப்பது எல்லோரும் பின்பற்றும் வழி. $$ என்பது விண்டோஸ் ஃபோல்டராக மாறும். நிறுவல் முடிந்து லாகின் திரை வருவதற்கு முன் அந்த ஸ்கிரிப்ட் சிஸ்டம் உரிமையோடு ஓடும். ஆனால் ஓஇஎம் கீ (தயாரிப்பாளர் கணினியோடு தரும் உரிம எண்) போட்டு நிறுவினால் ஓடாது. என்டர்பிரைஸ் பதிப்புகளுக்கும் சர்வருக்கும் மட்டும் விலக்கு உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆவணத்தில் இது ஒரே ஒரு வரி. இன்ஸ்டாலர் திரையில் அந்த ஒரு வரிகூடக் கிடையாது. எச்சரிக்கையும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை.

"நான் எந்த ஓஇஎம் கீயும் போடவில்லையே" என்பார்கள். நீங்கள் போட வேண்டியதில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் கணினிகளின் ஃபர்ம்வேரில் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்), எம்எஸ்டிஎம் என்ற அட்டவணையில் கீ உட்கார்ந்திருக்கிறது. இன்ஸ்டாலர் அதைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். விர்ச்சுவல் மெஷினில் அந்த அட்டவணை வழக்கமாக இருக்காது. அதனால் அங்கே ஸ்கிரிப்ட் ஓடும், படம் வரும், நமக்கும் நம்பிக்கை வரும். நிஜக் கணினியில் படக்கோப்பு டிஸ்கில் போய் உட்கார்ந்திருக்கும். அதை எடுத்து மாட்ட வேண்டிய ஸ்கிரிப்ட் மட்டும் வாய்மூடி இருக்கும். சந்தேகம் இருந்தால் விண்டோஸ் ஃபோல்டரில் பேந்தர், அதற்குள் அனட்டெண்ட்ஜிசி, அதற்குள் செட்டப்ஆக்ட் லாக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

சரிசெய்ய, ஸ்கிரிப்டை அங்கிருந்து தூக்கிவிட வேண்டும். ஆட்டோஅனட்டெண்ட்.எக்ஸ்எம்எல் என்ற விடைக் கோப்பில் (இன்ஸ்டாலர் கேட்பவற்றுக்கு முன்கூட்டியே பதில் எழுதிவைக்கும் கோப்பு) ஸ்பெஷலைஸ் கட்டத்தின் ரன்சிங்க்ரனஸ் பகுதியில் அதே கட்டளைகளைக் கொடுத்தால், எந்தக் கீ என்றாலும் ஓடும். அதைவிட நல்லது, படத்தை ஸ்கிரிப்ட் இல்லாமலே இன்ஸ்டால்.விம் (நிறுவப்படும் விண்டோஸ் கோப்புகளின் தொகுப்பு) கோப்புக்குள் வைத்துவிடுவது. விண்டோஸ், வெப், வால்பேப்பர் ஃபோல்டருக்குள் சொந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, விடைக் கோப்பின் தீம்ஸ் பகுதியில் அதைக் காட்டுங்கள். ஏற்கெனவே இருக்கும் படத்தின் மேலேயே எழுதுவது வீண் வேலை. அது டிரஸ்டெட்இன்ஸ்டாலர் என்ற விண்டோஸின் உள்கணக்குக்குச் சொந்தமான கோப்பு. உரிமையைப் பிடுங்கி மாற்றினாலும், பெரிய அப்டேட் ஒன்று வந்தால் பழைய படம் திரும்பி வந்து நிற்கும்.

விம்மை மவுண்ட் செய்யும்போது (திருத்துவதற்காக ஒரு ஃபோல்டரில் திறக்கும்போது) இரண்டு இடங்களில் கால் இடறும். ஐஎஸ்ஓவிலிருந்து நகலெடுத்த கோப்பில் ரீட்-ஒன்லி ஒட்டிக்கொண்டிருந்தால், உரிமை இல்லை என்று டிஸ்ம் மறுக்கும்; அந்த டிக்கை எடுத்தால் போதும். முடித்துவிட்டு அன்மவுண்ட் செய்யும்போது 0117 என்று முடியும் பிழை வந்தால், பெரும்பாலும் மவுண்ட் ஃபோல்டர் எங்கோ ஒரு எக்ஸ்ப்ளோரர் ஜன்னலில் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் தருவது விம் அல்ல, இன்னும் இறுக்கிச் சுருக்கிய இஎஸ்டி. அதை அப்படியே மவுண்ட் செய்து திருத்த முடியாது; முதலில் விம்மாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். திருத்திய பிறகும் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் நீக்கிய கோப்புகளின் எடை உள்ளேயே கிடக்கும். பென்டிரைவின் ஃபார்மட் எஃப்ஏடி32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாது. 3800 எம்பி அளவில் ஸ்பிளிட் செய்து எஸ்டபிள்யூஎம் என்ற துண்டுகளாக ஆக்குவது வழக்கம். முழு விம்மைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், துண்டுகளைத் திருத்த முடியாது.

எக்ஸ்போர்ட் செய்கிற சாக்கில் ப்ரோ மட்டும் போதும் என்று மற்ற பதிப்புகளைக் கழித்துவிட்டால் அடுத்த வம்பு. ஃபர்ம்வேரில் இருப்பது ஹோம் கீ என்றால், உரிம விதிமுறைகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று இன்ஸ்டாலர் நின்றுவிடும். ஐஎஸ்ஓ கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி தரவிறக்குவார்கள். விதிமுறை எங்கும் போகவில்லை. கீ கேட்கும் பதிப்பு விம்மில் இல்லை, அவ்வளவுதான். விடைக் கோப்பு, பதிப்பைச் சொல்லும் ஈஐ.சிஎஃப்ஜி, கீயைச் சொல்லும் பிஐடி.டிஎக்ஸ்டி ஆகியவற்றில் உள்ளது ஃபர்ம்வேர் கீயை முந்தும். அங்கே ப்ரோவுக்கான பொதுக் கீயைக் கொடுத்தால் வேலை நகரும். பொதுக் கீ பதிப்பைத் தேர்ந்தெடுக்க மட்டுமே, ஆக்டிவேட் ஆகாது. ஒருவகையில் அதுவே நல்லது. இந்தக் கோப்புகளெல்லாம் வெறும் எழுத்துக் கோப்புகள்; காசு கொடுத்து வாங்கிய கீயை அதில் எழுதினால், பென்டிரைவை இரவல் வாங்குகிறவர் எல்லோரிடமும் அது போய்விடும். உண்மையான கீயை நிறுவி முடித்த பிறகு கொடுங்கள்.

இத்தனை எரிச்சலுக்கு நடுவில் ஒரு சின்ன விஷயம் மட்டும் ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது. விண்டோஸ் 10-இன் பூட்.விம்மில் (இன்ஸ்டாலரைத் தொடங்கிவைக்கும் விம்) இரண்டாவது இண்டெக்ஸ்தான், அதாவது இரண்டாவது இமேஜ்தான் செட்டப் திரை. அதன் சோர்சஸ் ஃபோல்டரில் உள்ள பேக்ரவுண்ட்.பிஎம்பி கோப்பை மாற்றினால் நிறுவும் திரையின் பின்னணி மாறும். ஜேபெக்கைப் பெயர் மாற்றி வைக்காமல், உண்மையான பிஎம்பியாகவே சேமிக்க வேண்டும். அழகான படம் எதுவும் வேண்டாம், விம்மைத் திருத்திய தேதியையும் உள்ளே இருக்கும் பதிப்பையும் பெரிய எழுத்தில் எழுதிப் படமாக்குங்கள். ஒரே மாதிரி நான்கு பென்டிரைவ் கிடக்கும்போது, எது புதியது என்று பூட் ஆன கையோடு தெரிந்துவிடும். இந்த வேலையிலேயே நிஜமாகப் பயன்படுவது இதுதான் என்பேன்.

செய்யலாமா என்று கேட்டால், செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில், குறைந்தபட்சம் இந்த வாரம். மாற்றாத ஐஎஸ்ஓவைப் போட்டுவிட்டு வால்பேப்பரை வலது கிளிக்கில் மாற்றிக்கொள்ளுங்கள். பத்துக் கணினிகளுக்கு மேல் என்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். வரும்போது ஃபர்ம்வேரில் கீ உள்ள நிஜக் கணினி ஒன்றில் முதலில் சோதித்துவிட்டு வாருங்கள்.