வைத்தியத்துக்கு நாலு நட்சத்திரம், அஸ்திக்கு ஒன்றுகூட இல்லை

கோவையில் நாங்கள் வழக்கமாகப் போகும் தனியார் கால்நடை மருத்துவமனை பற்றியது இது. பேச்சுவார்த்தை இன்னும் முடியாததால் பெயரைப் போடவில்லை. டாக்டர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. எங்கள் நாய் ரோஸிக்கு அவர் பார்த்த வைத்தியமும் சரி, கடைசி ஊசியைப் போட்ட விதமும் சரி, அதைவிடப் பொறுமையாக ஒருவர் செய்ய முடியாது. என் வழக்கெல்லாம் உயிர் போனதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றித்தான். உடலை எப்போது எரித்தார்கள், எப்படி எரித்தார்கள், எதற்குப் பணம் வாங்கினார்கள், கடைசியில் எதைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள் என்பது.

நான் மளிகைக் கடைக்காரன். ரோஸி வெள்ளை நிற பொமரேனியன், 13 வயது. கடையில் துவரம்பருப்பு மூட்டைக்கும் கல்லாவுக்கும் நடுவில் இருக்கும் சந்துதான் அவள் இடம். மாதம் பிறந்தால் அவளைத் தூக்கி 30 கிலோ எலெக்ட்ரானிக் தராசில் உட்கார வைத்து, எடையைக் கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுவேன். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. 8.2 கிலோ இருந்தவள் மாதா மாதம் நூறு, நூற்றைம்பது கிராம் இறங்கியதைக் காட்டியதும் உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் என்ற கழிவு அப்போது 2.9. பத்தியச் சாப்பாடு, வாந்திக்கு மாத்திரை, அப்புறம் தோலுக்கு அடியில் சலைன் ஏற்றுவது என்று இழுத்துப் பிடித்தார். பிடரித் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகுவதை என் மனைவிக்கே சொல்லிக்கொடுத்தார். ஆஸ்பத்திரி வாடையைக் கண்டாலே நடுங்குகிற நாய்க்கு வீட்டிலேயே அது கிடைத்தது பெரிய விஷயம். மருந்துச் சீட்டில் தேவையில்லாத டானிக் ஒன்றுகூட இருந்ததில்லை. இதையெல்லாம் சொல்லாமல் குறையை மட்டும் எழுதினால் நியாயமாக இருக்காது.

கடைசியில் கிரியாட்டினின் 7-ஐத் தாண்டியது. 5-ஐத் தாண்டினாலே நான்காம் நிலை, கடைசி நிலை என்றார் டாக்டர். வாயில் புண், மூச்சில் மூத்திர வாடை. கோழி ஈரலை மூக்கருகே கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எடை 6.4 கிலோ. ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று நாங்களாகக் கேட்கும்வரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கேட்டதும் மழுப்பவும் இல்லை. முதலில் தசையில் மயக்க ஊசி, அவள் நன்றாக அசந்த பிறகு முன்னங்காலில் போட்ட ஊசிக்குழாய் வழியாக உயிரை நிறுத்தும் மருந்தான தயோபென்டோன். கண் மூடாது, மூடவில்லையே என்று பதறாதீர்கள். நெஞ்சு நின்ற பிறகும் ஒரு இழுப்பு வரலாம், அது வலி இல்லை. சிறுநீர் பிரியலாம், அதனால் கீழே துணி விரித்திருக்கிறேன் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னார். அவர் சொன்னபடியே நடந்ததால் பயமில்லாமல் கூட இருக்க முடிந்தது. பெங்களூரில் இருந்து மகள் வீடியோ காலில் இருந்தாள். ஸ்டெதஸ்கோப்பை வைத்து நிமிஷக் கணக்கில் கேட்டு, கருவிழியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் "முடிஞ்சுதுங்க" என்றார்.

அது சனிக்கிழமை மதியம். அதற்கப்புறம் டாக்டர் அடுத்த நாயைப் பார்க்கப் போய்விட்டார். நாங்கள் கவுன்டருக்கு வந்தோம்.

எங்கள் வீடு மாடி வீடு. கடைக்குப் பின்னால் இருப்பது சிமென்ட் தளம். புதைப்பதற்கு இடமில்லை. இடம் இருந்தாலும் ஆழமாகத் தோண்ட வேண்டும், ஊசி மருந்து உடலிலேயே தங்கியிருக்கும், தெருநாயோ காக்கையோ கிளறித் தின்றால் அதுவும் சாகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் தகனம் என்று முடிவு செய்தோம். கவுன்டரில் இருந்த பெண் இரண்டு விதம் சொன்னார். பல நாய்களைச் சேர்த்து எரிப்பது 2,500 ரூபாய், அஸ்தி கிடைக்காது. தனியாக எரித்து அஸ்தியைக் கலசத்தில் தருவது 5,500. நாங்கள் இரண்டாவதைக் கேட்டோம். பில்லில் 'தனித் தகனம், அஸ்தியுடன்' என்றே அச்சாகியிருக்கிறது. "இன்னைக்குச் சாயங்காலமே வண்டி வந்துருமுங்கண்ணா" என்றும் சொன்னார்.

அன்றிரவே வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது: தகனம் நல்லபடியாக முடிந்தது, ஆழ்ந்த இரங்கல். கூடவே எரிமேடைக் கதவின் படம் ஒன்று. என் மனைவி தலைக்குக் குளித்து விளக்கேற்றினாள். ரோஸியின் தட்டில் கொஞ்சம் பால் சோறு வைத்தோம். இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் கலசம் வந்தது. மண் கலசம், உள்ளே சிவப்புத் துணியில் மூட்டை. கையில் வாங்கியதுமே கனம் இடித்தது. எனக்கு வேலையே எடை போடுவதுதானே. துணியோடு தராசில் வைத்தேன், துணியின் எடையைக் கழித்தேன். 820 கிராம். முத்திரை ஆய்வாளர் வருஷா வருஷம் முத்திரை போடும் தராசு அது. ஐந்து கிராம்கூட முன்னே பின்னே காட்டாது.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். உடல் எரிந்தால் தண்ணீரும் சதையும் கொழுப்பும் போய்விடும். மிஞ்சுவது எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்துதான். உயிரோடு இருந்தபோதைய எடையில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான் அது வரும். மனிதருக்கும் அதே கணக்குதான். முழுதாக அள்ளினால் ஒரு பெரியவரின் அஸ்தி இரண்டு, மூன்று கிலோ இருக்கும். அப்படியானால் 6.4 கிலோ ரோஸிக்கு 200 கிராமில் இருந்து 250 கிராம் வர வேண்டும். தாராளமாக 300 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 820 கிராம் வர அவள் 20 கிலோவுக்கு மேல் இருந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க, இது நம்ம ரோஸிதானுங்களா?" என்றாள் மனைவி. எனக்குப் பதில் தெரியவில்லை.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். விறகு, வரட்டிச் சாம்பல் எல்லாம் சேர்ந்து வரும், அதனால் கனமாகத்தான் இருக்கும் என்றார். கேட்க நியாயமாக இருந்தது. விறகில் எரித்திருந்தால் நான் இத்தோடு வாயை மூடியிருப்பேன். ஆனால் அவர்கள் அனுப்பிய படத்தில் இருந்தது கேஸ் எரிமேடை. கேஸில் ஏது சாம்பல்?

நேராகத் தகனக் கூடத்துக்கே போனேன். அங்கே வேலை பார்ப்பவர் ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் காட்டினார். 800 டிகிரிக்கு மேல் சூடேறும் அறை. சின்ன நாய்க்கு ஒரு மணி நேரம் போல ஆகும். எலும்பு முழுதாகத்தான் வெளியே வரும். ஆறவைத்து, அரைத்துத்தான் சாம்பலாக்குகிறார்கள். தனித் தகனம் என்றால் முந்தைய உடலின் மிச்சத்தைச் சுத்தமாக வழித்தெடுத்த பிறகே அடுத்ததை வைக்க வேண்டும். தனியாக எரிப்பது, சேர்த்து எரிப்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று உடல்களை உள்ளே வைத்து, நடுவே செங்கல் தடுப்புப் போட்டு, தனித்தனியாக அள்ளுவது. அதில் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும் என்று அவரே சொன்னார். இரும்புத் தகட்டில் எண் பொறித்து உடலோடு உள்ளே போட்டு, அதே எண்ணோடு அஸ்தியை எடுக்கும் முறையும் உண்டு. தனித் தகனத்துக்கு மட்டும் அப்படிச் செய்வார்களாம். எங்கள் மூட்டையில் தகடு எதுவும் இல்லை.

அப்புறம் பதிவேட்டைத் திறந்தார். எடைக்குத் தகுந்த கட்டணம் என்பதால் வரும் ஒவ்வொரு உடலின் எடையையும் எழுதுகிறார்கள். சனிக்கிழமை அந்த மருத்துவமனையில் இருந்து ஒன்றுமே வரவில்லை. செவ்வாய்க்கிழமைதான் மூன்று உடல்கள் ஒரே வண்டியில் வந்திருக்கின்றன. லாப்ரடார் 31 கிலோ, ஜெர்மன் ஷெப்பர்டு 34 கிலோ, 'சிறியது' 6.4 கிலோ. மூன்றுக்கும் எதிரே ஒரே வார்த்தை: கூட்டு.

அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். மூன்றும் சேர்ந்து 71.4 கிலோ. நூற்றுக்கு மூன்றரை என்றால் சுமார் இரண்டரை கிலோ சாம்பல். மூன்றாகப் பிரித்தால் பங்குக்கு 830 கிராம் வாக்கில். என் கலசத்தில் 820.

இதைச் சொன்னதும் மருத்துவமனையின் பேச்சு மாறியது. விறகு போய்விட்டது, இப்போது ஒப்பந்தக்காரர் வந்துவிட்டார். உடல்களை எடுத்துப்போகும் வண்டிக்காரர்தான் தப்பு செய்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாது என்றார்கள். அவரை நான் பார்த்ததும் இல்லை, காசு கொடுத்ததும் இல்லை. 5,500 ரூபாயும் கவுன்டரில்தான் போனது, ரசீதில் மருத்துவமனை முத்திரைதான் இருக்கிறது. நான் விற்கும் அரிசியில் கல் இருந்தால், மில்காரனைப் போய்க் கேள் என்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடியுமா? அடுத்து, ஊசிக்குச் சம்மதம் கொடுத்து நாங்கள் கையெழுத்துப் போட்ட ஆங்கிலப் படிவத்தை எடுத்தார்கள். உடலை அகற்றும் முறையை நிர்வாகம் தீர்மானிக்கலாம் என்று அதில் ஒரு வரி இருக்கிறதாம். இருக்கட்டும். அப்படி நீங்களே தீர்மானிப்பது என்றால் எங்களிடம் இரண்டு விலை சொல்லி எது வேண்டும் என்று கேட்டது எதற்கு? கூடுதலாக 3,000 வாங்கியது எதற்கு?

செவ்வாய்க்கிழமை வரை உடல் குளிர்பெட்டியில் இருந்ததில்கூட எனக்கு வருத்தமில்லை. சனி, ஞாயிறு வண்டி கிடைக்காமல் போவது நடக்கிற காரியம்தான். "இன்னும் ஆகலைங்க" என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் போதும். ஆகாததை ஆனதாகச் சொல்லி, யாருக்கோ எடுத்த கதவுப் படத்தையும் அனுப்பினார்களே, அதைத்தான் என் மனைவியால் பொறுக்க முடியவில்லை. விளக்கேற்றிய நேரத்தில் ரோஸி ஐஸ் பெட்டியில் இருந்திருக்கிறாள் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்று. என் கலசத்தில் அந்த லாப்ரடாரும் ஷெப்பர்டும் இருக்கின்றன என்றால், அந்த இரண்டு வீட்டுக்குப் போன கலசத்தில் ரோஸி இருக்கிறாள். அவர்களும் தனித் தகனத்துக்குத்தான் காசு கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று பங்காகப் பிரித்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் மருத்துவமனை சொல்லிவிட்டதா என்று கேட்டேன். "அது உங்களுக்கு எதுக்குங்க சார்" என்றார் மேலாளர். அதுவரை அண்ணனாக இருந்தவன் அந்த இடத்தில் சார் ஆகிவிட்டேன்.

வேறு மருத்துவமனையில் இதே நிலையில் நிற்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. அந்த நேரத்தில் எதையும் கேட்கத் தோன்றாது, அதனால் நாய்க்கு வயதாகிவிட்டது என்றால் முன்னாலேயே கேட்டு வையுங்கள். எந்தக் கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள், கேஸா விறகா, தகடு போடுவார்களா, நாமே வண்டி பிடித்துக் கொண்டுபோய்க் கூட நிற்க விடுவார்களா என்று. நான் போன கூடத்தில் நாமே கொண்டுபோனால் வாங்கிக்கொள்கிறார்கள், எரிந்து முடியும்வரை உட்கார நாற்காலியும் இருக்கிறது. மருத்துவமனையில் அந்த வழியை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கடைசி எடையைப் பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். எங்களிடம் நோட்டு இருந்தது, எல்லார் வீட்டிலும் தராசு இருக்காது.

இப்போதைய நிலவரம் இதுதான். 3,000 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் மட்டும். எழுதித் தர முடியாது என்றேன். டாக்டர் மேல் புகார் சொல்வதாக இருந்தால் மாநில கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்குப் போகலாம் என்று ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். ஆனால் டாக்டர் மேல் எனக்குப் புகார் இல்லையே. இது காசு வாங்கிய சேவையில் குறைபாடு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து விவரத்தைப் பதிந்துவிட்டேன். பில், வாட்ஸ்அப் தகவல், பதிவேட்டுப் பக்கத்தின் படம், தராசு காட்டிய எடையின் படம் எல்லாவற்றையும் வைத்து மருத்துவமனைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டிருக்கிறேன்.

கேட்டிருப்பது இரண்டே விஷயம். 5,500-ஐ முழுதாகத் திருப்பித் தர வேண்டும். அந்த இரண்டு வீட்டுக்காரர்களிடமும் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்கள் எனக்கு வேண்டாம், மருத்துவமனையே சொன்னால் போதும். முதலாவதைத் தந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். இரண்டாவதற்குத்தான் இழுத்தடிப்பார்கள். பதில் வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.