குன்னூரிலிருந்து வெயிலைத் தேடி: சென்னையா, திருச்சியா, கோவையா?

குன்னூரை விட்டுக் கீழே இறங்குவது என்று முடிவான பிறகு என் முன் மூன்று ஊர்கள் இருந்தன: சென்னை, திருச்சி, கோவை. மகளைத் தனியாக வளர்க்கிறேன். அவள் மூன்றாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த வேலை கணக்கு எழுதுவது: டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், மாதச் சம்பளப் பட்டியல். குன்னூரில் இந்த வேலைக்குத் தேயிலைத் தொழிற்சாலைகளையும் தங்கும் விடுதிகளையும் விட்டால் வாய்ப்பு குறைவு. சீசன் முடிந்ததும் விடுதிகளில் ஆளைக் குறைத்துவிடுவார்கள். கடைசியில் நான் கோவைக்கு வந்துவிட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும். மற்ற இரண்டு ஊர்களுக்கும் நேரில் போய், நேர்காணல் கொடுத்து, வீடு பார்த்த அனுபவத்தில்தான் அவற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் வெயில். சமவெளிக்காரர்களுக்கு இது காரணமாகவே தோன்றாது. நீலகிரியில் ஜூனில் தென்மேற்கு மழை வந்தால் ஊட்டி, கூடலூர் பக்கம் நனையும். அது ஓய்ந்து அக்டோபர் வந்தால் வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பிடித்துக்கொள்ளும். நடுவில் மூடுபனி. பள்ளிச் சீருடை அடுப்பங்கரையில் தொங்கும், சுவர் மூலையில் பூஞ்சை படரும். மகளுக்கு வீசிங் உண்டு. மழை மாதங்களில் ராத்திரித் தூக்கம் எங்கள் இருவருக்கும் இருக்காது. மருத்துவரிடம் கேட்டதற்கு, ஈரமும் பூஞ்சையும் இல்லாத வீடு நல்லது என்றார். ஊர் மாறினால் சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

வெயிலை மட்டும் பார்த்தால் மூன்று ஊரிலும் தாராளம். வித்தியாசம் மழையிலும் புழுக்கத்திலும் இருக்கிறது. சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும் என்ன பாடுபட்டன என்று எல்லோருக்கும் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்றது. நமக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு அங்கே காட்டப்பட்டவை பெரும்பாலும் தரைத்தளம். குழந்தையோடு தனியாக இருப்பவள் ராத்திரியில் எந்தச் சாமானை முதலில் தூக்குவாள்? கோவை மழை மறைவுப் பகுதி. சென்னையில் பெய்வதில் பாதி அளவுதான் பெய்யும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மே கடைசியிலிருந்தே சாயங்காலத்தைத் தணித்துவிடுகிறது. மலையில் வளர்ந்த குழந்தைக்கு இந்த அளவு வெயில் பழகிவிடும். திருச்சி வெயில் வேறு மாதிரி. மார்ச் மாதமே ராத்திரியும் அனல் இறங்காது.

சம்பளத்தில் சென்னைதான் முன்னால் நிற்கிறது, சந்தேகமே இல்லை. ஒரே அனுபவத்துக்குக் கோவையில் சொன்னதைவிட நாலைந்தாயிரம் கூடுதலாகவே சொன்னார்கள். கிண்டி, அம்பத்தூர், ஓ.எம்.ஆர். என்று வேலை இடங்களும் ஏராளம்; ஒன்று சரிப்படவில்லை என்றால் அடுத்தது கிடைக்கும். அப்புறம் வாடகை அந்தக் கூடுதலை அப்படியே வாங்கிக்கொள்ளும். முன்பணமும் அங்கேதான் அதிகம் கேட்டார்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், 2019 முதல் நடைமுறையில் இருப்பது, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. வீடு பார்க்கப் போகும்போது இதைத் தெரிந்து வைத்திருங்கள். நிதானமாகச் சொன்னால் சிலர் இறங்கி வருகிறார்கள்.

இவை எல்லாம் முக்கியம்தான். ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: பள்ளி விடும் நேரத்துக்கும் நான் வீடு வந்து சேரும் நேரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளி நாலு மணிவாக்கில் விடும், தனியார் பள்ளியென்றால் மூன்றரைக்கே கூட. அலுவலகம் ஆறு, ஆறரை. இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டில் ஒருவர் முன்னால் கிளம்பலாம், அல்லது பாட்டி இருப்பார். தனியாக வளர்ப்பவருக்கு அந்த இரண்டரை மணி நேரத்தை யாரிடமாவது ஒப்படைத்தே ஆக வேண்டும். அதோடு பயண நேரத்தைக் கூட்டுங்கள். சென்னையில் எனக்கு வேலை சொன்ன இடம் கிண்டி. வாடகை ஒத்துவந்த இடம் கூடுவாஞ்சேரி. மின்சார ரயிலில் முக்கால் மணி நேரத்துக்கு மேல், இரண்டு பக்கமும் நடையும் ஷேர் ஆட்டோவும். சீசன் டிக்கெட் மலிவு, ரயிலும் அடிக்கடி வரும்; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீடு சேர எட்டு மணி ஆகிவிடும். நாலிலிருந்து எட்டு வரை எட்டு வயதுக் குழந்தை யாரிடம் இருக்கும்? டியூஷன், டே கேர் என்று இரண்டு இடம் மாற வேண்டும். அந்தச் செலவில் கூடுதல் சம்பளத்தின் மீதியும் போய்விடும்.

சாயங்காலத்தைவிடப் பெரிய கேள்வி பகலில் இருக்கிறது. பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வருகிறது, மகளுக்கு மூச்சு வாங்குகிறது என்று. எத்தனை நிமிடத்தில் போய் நிற்க முடியும்? கூடுவாஞ்சேரிக் கணக்கில் ஒன்றரை மணி நேரம். இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்ததும் சென்னை என் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டது.

கோவையில் வீடு, பள்ளி, வேலை மூன்றையும் ஒரே பேட்டைக்குள் வைத்துக்கொள்ள முடிந்தது. இங்கே வேலை இடங்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன: கணபதியில் பட்டறைகள், பீளமேட்டில் பம்ப்செட் கம்பெனிகள், குறிச்சியில் சிட்கோ தொழிற்பேட்டை, ராம் நகர், ஆர்.எஸ்.புரம் பக்கம் ஆடிட்டர் அலுவலகங்கள், அவிநாசி சாலை நெடுக மருத்துவமனைகள். எல்லாவற்றுக்கும் கணக்கு எழுத ஆள் வேண்டும். அந்தந்தப் பேட்டையிலேயே சின்ன வீடுகளும் இருக்கின்றன. நான் முதலில் வேலைக்கான இடத்தை முடிவு செய்தேன், அதற்குப் பக்கத்தில் பள்ளி, அப்புறம்தான் வீடு. மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு கொடுக்கிறார்கள். காலை ஏழரை மணி அவசரம் அதனால் பாதியாகிவிட்டது. சாயங்காலம் மகள் அதே தெருவில் டியூஷன் எடுக்கும் ஓர் அக்காவின் வீட்டில் இருக்கிறாள். பள்ளியிலிருந்து போன் வந்தால் கால் மணி நேரத்தில் போய்விடுவேன்.

வேலை தேடும்போது இந்த இடைவெளியை வைத்தே கேள்வி கேளுங்கள். கணக்கு வேலையில் மாதம் முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. 11ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், 20ஆம் தேதி இன்னொன்று. ஆடிட்டர் அலுவலகம் என்றால் பல கம்பெனிகளின் ஃபைலிங் ஒன்றாக வந்து விழும். அந்த நாட்களில் ஒன்பது மணி சாதாரணம். ஜூலை, செப்டம்பரில் வருமான வரிக் கெடுவும் சேரும். ஒரே கம்பெனியில் கணக்காளராக இருந்தால் அந்தக் கம்பெனியின் வேலை மட்டும்தான். கற்றுக்கொள்ள ஆடிட்டர் அலுவலகம் போல ஓர் இடமில்லை, இருந்தும் நான் பம்ப்செட் கம்பெனியைத்தான் எடுத்தேன். நேர்காணலில் "20ஆம் தேதி வரைக்கும் எத்தனை மணிக்குங்க கிளம்பலாம்?" என்று நேரடியாகக் கேட்டேன். பதில் சொல்லத் தயங்கிய இடங்களை அதோடு விட்டுவிட்டேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத் திருத்தத்தில் வந்த விதி. பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தை இருப்பவர்கள் அதையும் கேட்டுவிடுங்கள்.

கோவையிலும் சங்கடங்கள் உண்டு. வீடு காட்டியவர்கள் எல்லோரும் கேட்டது, "சார் எங்க வேலை பாக்கறாருங்க?" என்றுதான். நானும் மகளும் மட்டும்தான் என்றதும் சிலர் முகம் மாறியது. சாவியைத் திரும்ப உள்ளே வைத்தவர்களும் உண்டு. இது மூன்று ஊரிலும் நடந்தது. சென்னையில் கேள்வி குறைவு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கோவையில் பலன் கொடுத்தது, வேலை கிடைத்த பிறகு கம்பெனியில் இருந்தவர்கள் வழியாக வீடு கேட்டதுதான். தெரிந்தவர் சொன்னால் வீட்டுக்கார அம்மாவே "வா கண்ணு" என்று கூப்பிடுகிறார். வாடகை பேசுவதற்கு முன் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்: நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தரம் வரும், உப்புத் தண்ணி போர் இருக்கிறதா, பிடித்து வைக்கத் தொட்டி உண்டா. நாம் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நல்ல தண்ணி வரும் வீடு நமக்கு ஆகாது. இன்னொன்று, பெண்களுக்கு இலவசம் என்பது அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும். கோவையில் தனியார் டவுன் பஸ்கள் நிறைய ஓடுகின்றன, அவற்றில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

திருச்சியைப் பற்றி எனக்குக் குறைவாகத்தான் தெரியும். தோழி வீட்டில் தங்கி ஒரு சுற்று வேலை தேடியதோடு சரி. வாடகை மூன்றிலும் குறைவாகச் சொன்னார்கள், காவிரித் தண்ணீர், ஊரும் கைக்கு அடக்கம். இடைவெளிக் கணக்கில் அது கோவைக்குச் சமமாகவே நின்றிருக்கும். எனக்குத் தோதான வேலைதான் அமையவில்லை. துவாக்குடிப் பக்கத்துத் தொழிற்கூடங்களில் பல பெல் நிறுவனத்தின் ஆர்டரை நம்பி இருப்பவை. ஆர்டர் குறைந்தால் அலுவலக ஆட்களும் குறைவார்கள் என்று அங்கே இருந்தவர்களே சொன்னார்கள். ஒரு வேலை போனால் அடுத்ததை எங்கே தேடுவது என்ற பயம் எனக்கு இருந்தது. அம்மாவோ அத்தையோ அந்த ஊரில் இருந்தால், யோசிக்காமல் திருச்சிக்கே போகச் சொல்வேன். என் அம்மா குன்னூரில் இருக்கிறார். மகளுக்கு முடியவில்லை என்றால் காலை பஸ்ஸில் ஏறி மதியத்துக்குள் கோவை வந்துவிடுவார். மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி சுற்றி வர வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஐடி வேலையில் வீட்டிலிருந்தே செய்ய அனுமதி உள்ளவர்களுக்கும், குழந்தை எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கும் இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்குச் சென்னைச் சம்பளம் லாபமாகவே இருக்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் குழந்தை என்றால் மூன்று ஊருக்கும் புத்தகம் ஒன்றுதான். கிளம்புவதாக இருந்தால் ஏப்ரலிலேயே வேலை தேடத் தொடங்கி, ஆண்டுத் தேர்வு முடிந்ததும் டி.சி. வாங்கி, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வீடு மாறிவிடுங்கள். ரேஷன் கார்டில் முகவரி மாற்றத்தையும் அந்த விடுமுறையிலேயே முடித்துவிட்டால், வேலையில் சேர்ந்த புதிதில் அதற்காக லீவு கேட்டு நிற்க வேண்டியிருக்காது.