72 வோல்ட் என்று எழுதிய பெட்டி: பெரிய மின்சார டேர்ட் பைக் வாங்க இருப்பவர்களுக்கு

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ வயலுக்கும் காட்டுப்பாதைக்கும் என்று பெரியவர்கள் ஓட்டக்கூடிய மின்சார டேர்ட் பைக் ஒன்றை வாங்க எண்ணியிருப்பவர்கள், முற்பணம் கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். கடந்த சித்திரை வருடப்பிறப்பு கழிந்த வாரத்தில் ஏழு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா கொடுத்து நான் வாங்கிய வண்டி, சொல்லப்பட்ட பற்றரியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மட்டுமே கொண்டதாகவும், பதினைந்து வயதுப் பொடியனுக்கு அளவெடுத்ததாகவும், பொது வீதியில் ஏற்றவே முடியாததாகவும் இருந்தது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை.

வீடு நகரத்தில், வயல் ஆயித்தியமலைப் பக்கத்தில். வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு வழியாகப் போய்வர நாற்பது கிலோமீற்றருக்கு மேல் வரும். அதில் கடைசிப் பகுதி கிரவல் பாதையும் வாய்க்கால் கட்டும். 2022இல் பெற்றோலுக்காக இரவிரவாக வரிசையில் கிடந்து, பிறகு எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் அட்டையோடு அலைந்த காலத்திலேயே, அடுத்த வண்டி மின்சார வண்டிதான் என்று முடிவு செய்திருந்தேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் பல வகை வண்டிகள் கண்ணில் படத் தொடங்கின. என் நிறை 91 கிலோ, உயரம் ஐந்தடி பத்து அங்குலம். ஆகவே சிறிய வகை சரிவராது என்பது தெரிந்தே, "பெரியது, பலமானது" என்று கேட்டுக்கொண்டுதான் கடைக்குள் நுழைந்தேன்.

கடையில் இருந்த தம்பி மரியாதையானவர். "அண்ணன், இது எட்டாயிரம் வாட், 72 வோல்ட், 45 அம்பியர். ஒருக்கா சார்ஜ் போட்டா நூறு கிலோமீற்றர் ஓடும். நம்பர் பிளேட் ஒண்டும் தேவையில்ல, கரண்ட் சைக்கிள் மாதிரித்தான்" என்றார். கடை முன்றலில் இருநூறு மீற்றர் ஓடிப் பார்த்தேன். கைப்பிடியைத் திருகியதும் வண்டி பாய்ந்தது. முன்சில்லு நிலத்தை விட்டு எழும்பப் பார்த்தது. அத்தோடு நான் விழுந்துவிட்டேன், வண்டியிலிருந்தல்ல, அந்தப் பேச்சுக்கு. மின்மோட்டர் புறப்படும் கணத்திலேயே முழு இழுவையையும் தரும் இயல்புடையது. ஆகவே முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரியோடு கொங்கிரீட் தரையில் இருநூறு மீற்றர் ஓட்டினால் எந்த வண்டியும் பலமானதாகவே தோன்றும். பத்து கிலோமீற்றர் மணற்பாதையில் ஓடிய பின் என்ன மிஞ்சுகிறது என்பதை அந்த முன்றல் காட்டாது.

முதல் இரண்டு வாரமும் நான் பெருமையோடுதான் திரிந்தேன். பெருமைக்குக் காரணங்களில் ஒன்று, பற்றரி இரண்டு மணித்தியாலத்தில் நிரம்பியது. "பாருங்கள், எவ்வளவு விரைவாகச் சார்ஜ் ஏறுகிறது" என்று பக்கத்து வீட்டாருக்கும் காட்டினேன். நான் பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவன் என்பதை இங்கே வெட்கத்தோடு எழுதுகிறேன். கடையில் வெறும் "45 அம்பியர்" என்றது பற்றரியின் கொள்ளளவான அம்பியர்-மணியைத்தான். 10 அம்பியர் சார்ஜர் ஒன்று 45 அம்பியர்-மணி பற்றரியை வெறுமையிலிருந்து நிரப்ப நாலரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் வகுத்தல் கணக்கு இது. இரண்டு மணித்தியாலத்தில் நிரம்பினால் உள்ளே இருப்பது 20 அம்பியர்-மணிதான்.

மூன்றாம் வாரம் ஒரு மாலை, வயலிலிருந்து திரும்பும்போது கிரவல் பாதையில் வண்டி முதலில் மெதுவாகி, பிறகு இருமுறை விட்டுவிட்டு இழுத்து, நின்றுவிட்டது. காலையில் முழுதாகச் சார்ஜ் செய்து வீட்டிலிருந்து புறப்பட்டு அதுவரை ஓடியது 22 கிலோமீற்றர். பொழுது படுகிற நேரத்தில் யானை இறங்கும் பாதை அது. அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதன் அச்சம் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்பவர்களுக்குத் தெரியும். தொலைபேசியில் அழைத்ததும் மாமா லான்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தைப் பெட்டியோடு கொண்டுவந்தார். வண்டியை ஏற்றும்போது அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மருமகன், இது ஆர்ர வண்டி, உங்கட மகன்டயோ?" என்று கேட்டார். கடையில் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

மறுநாள் காலை மாமாவின் நெல் களஞ்சியத்தில் வைத்துத்தான் உண்மை வெளிப்பட்டது. பற்றரிப் பெட்டியைக் கழற்றி, நெல் மூடை நிறுக்கும் தராசில் வைத்தோம். சப்பாத்துப் பெட்டி இரண்டை அடுக்கிய அளவில் பெரிய பெட்டி. பக்கத்தில் பொன்னிற எழுத்தில் "72 வோல்ட் 45 அம்பியர்" என்று ஒட்டியிருந்தது. தராசு காட்டியது எட்டு கிலோ நானூறு கிராம். 72ஐ 45ஆல் பெருக்கினால் 3,240 வாட்-மணி. அந்த அளவு மின்சாரத்தைத் தேக்கும் லித்தியம் பற்றரி, பெட்டியோடு சேர்த்துப் பதினாறு கிலோவுக்குக் கீழே வருவது அரிது. பெட்டியைக் காதருகே பிடித்து மெல்லக் குலுக்கியபோது உள்ளே ஏதோ மென்மையான பொருள் உரசும் ஓசை கேட்டது. முத்திரையை உடைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்று எழுதியிருந்ததால் திறக்கவில்லை. திறக்காமல் விட்டது பின்னர் எனக்கே சாட்சியாயிற்று.

அதன்பிறகு சார்ஜரைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேலே "72 வோல்ட்" என்று பெரிய எழுத்து. அடியில், மணல் ஒட்டிய சிறு தகட்டில், விரலால் துடைத்தால் மட்டும் தெரியும் எழுத்தில், வெளியீடு 67.2 வோல்ட், 10 அம்பியர் என்று இருந்தது. பெரும்பாலான லித்தியம்-அயன் கலங்கள் முழுதாக நிரம்பும்போது ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் காட்டும். 67.2ஐ 4.2ஆல் வகுத்தால் 16. பதினாறு கலங்களைத் தொடராக இணைத்த பற்றரியைத்தான் சந்தையில் 60 வோல்ட் என்பார்கள். இந்த வகைக் கலங்களைக் கொண்ட 72 வோல்ட் பற்றரியில் இருபது கலங்கள் தொடராக இருக்கும், அது நிரம்பும்போது 84 வோல்ட் காட்ட வேண்டும். மல்டிமீற்றர் வைத்துப் பார்த்ததில், முழுச் சார்ஜில் எனது பற்றரி 66.9 காட்டியது. மல்டிமீற்றர் கையில் இல்லாதவர்களுக்கு வீட்டு மின்மானி போதும்: வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வெறுமையான பற்றரியைச் சார்ஜில் போட்டு, முன்னும் பின்னும் அலகுகளைக் குறித்துக்கொள்ளுங்கள் (ஓர் அலகு 1,000 வாட்-மணி). 3,240 வாட்-மணி பற்றரிக்குச் சார்ஜரில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து மூன்றரை அலகு வரை ஏற வேண்டும். என் வீட்டில் ஏறியது ஒன்றரைக்கும் குறைவு.

மோட்டரின் கதை இன்னும் எளியது. சேறு கழுவும்போது "8000 வாட்" என்ற ஒட்டியின் ஒரு மூலை நனைந்து சுருண்டது. நகத்தால் கிள்ளி இழுத்தேன். கீழே உலோகத்தில் பொறித்திருந்தது 60 வோல்ட், 2000 வாட். ஆனால் இதைவிட முக்கியமானது, பற்றரியிலிருந்து மோட்டருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலரின் தகடு, அதில் உச்ச மின்னோட்டம் 40 அம்பியர் என்றிருந்தது. 60 வோல்ட்டையும் 40 அம்பியரையும் பெருக்கினால் 2,400 வாட். எட்டாயிரம் வாட் மோட்டரையே பூட்டினாலும் இந்த வண்டி அதற்குமேல் தராது. 72 வோல்ட்டில் எட்டாயிரம் வாட் வேண்டுமென்றால் பற்றரியும், அதன் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றும், கொன்ட்ரோலரும் மூன்றும் 110 அம்பியருக்கு மேல் தாங்க வேண்டும். ஆகவே பலமான வண்டி கேட்பவர் மோட்டரின் வாட் எண்ணை மட்டும் கேட்டு நின்றுவிட்டால், விற்பவருக்கு வேண்டியதும் அதுதான். அத்தோடு, நேர்மையான கடையே சொன்னாலும், அந்த எண் சில வினாடிகள் மட்டும் தரும் உச்சமா, மேட்டில் ஏறும் நேரம் முழுவதும் தொடர்ந்து தருவதா என்று பிரித்துக் கேளுங்கள்; இரண்டுக்கும் இடையே இரண்டு மடங்கு வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், மின்சார டேர்ட் பைக் செய்யும் சர்-ரோன் நிறுவனத்தின் அல்ட்ரா பீ வகையை எடுத்துக்கொள்ளலாம். அதன் முதல் மாதிரி 74 வோல்ட், 55 அம்பியர்-மணி, மொத்த நிறை ஏறத்தாழ 85 கிலோ. அதே நிறுவனத்தின் சிறிய லைட் பீ 60 வோல்ட்தான், அதை விற்பவர்களும் அப்படிச் சொல்லியே விற்கிறார்கள். 60 வோல்ட் வண்டி வாங்குவது குற்றமல்ல. இலேசான ஆளுக்கு, குறைந்த தூரத்துக்கு அது நல்ல வண்டியாகவும் இருக்கலாம். 72இன் விலையை வாங்கிக்கொண்டு 60ஐக் கொடுத்ததுதான் என் வழக்கு.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழு அளவிலான பெரியவர்களுக்குரிய டேர்ட் பைக்கில் முன்சில்லு 21 அங்குலம், பின்சில்லு 18 அல்லது 19 அங்குலம். சற்றுச் சிறிய பெரியவர் வகையில் இரண்டும் 19 வரும். எனக்குக் கிடைத்ததில் முன்னே 17, பின்னே 14. இருக்கைக்குள் தடித்த பஞ்சை வைத்து உயர்த்தியிருந்ததால், கடையில் ஏறி இருந்தபோது உயரம் சரியாகத் தோன்றியது. கால்மிதியோ இருந்த இடத்திலேயே இருந்ததால், அரை மணித்தியாலம் ஓட்டியதும் முழங்கால் நோவத் தொடங்கியது. பின் சொக்கப்சோபரின் நிலை இன்னும் மோசம். ஆள் ஏறி அமர்ந்ததும் பின்பக்கம் அமுங்கக்கூடிய முழுத் தூரத்தில் மூன்றிலொரு பங்களவு தாழ்ந்து நின்றால் அந்த ஸ்பிரிங் அந்த ஆளின் நிறைக்குப் பொருத்தமானது. நான் ஏறியதும் அது ஏறக்குறைய அடிவரை போய்விட்டது; ஒவ்வொரு வரம்பிலும் இரும்பு இரும்பில் இடித்தது. கடையில் ஒருவரை அளவு நாடாவோடு நிறுத்தி, நீங்கள் ஏறுவதற்கு முன்னும் பின்னும் அச்சிலிருந்து மட்காட் வரை அளந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

"நம்பர் தேவையில்லை" என்ற பேச்சை வவுணதீவில் போக்குவரத்துப் பொலிஸார் ஒரே நாளில் தீர்த்துவைத்தார்கள். பொது வீதியில் ஓடும் மோட்டார் சைக்கிள், பெற்றோலில் ஓடினாலும் மின்சாரத்தில் ஓடினாலும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். காப்புறுதியும் வருமான உத்தரவுப்பத்திரமும் அந்தப் பதிவின் பின்னரே வரும். என் வண்டிக்கு இறக்குமதி ஆவணமும் இல்லை, சைகை விளக்கும் இல்லை, பதிவுக்குக் கொண்டுபோக ஒன்றுமே இல்லை. வயலுக்குள் மட்டும் ஓட்டலாம்; வயலுக்குப் போவதற்குப் பொது வீதி வேண்டும்.

கடைக்குத் திரும்பிப் போனபோது அதே தம்பி அதே மரியாதையோடு, "அண்ணன், கொம்பனி அனுப்பினத்தத்தான் நாங்க விக்கிற" என்றார். என் கையிலிருந்த பற்றுச்சீட்டில் "மின்சார பைக் 1" என்றும் தொகையும் மட்டுமே இருந்தன. வோல்ட் இல்லை, அம்பியர்-மணி இல்லை, செசி இலக்கமும் இல்லை. என் பெரிய பிழை அது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. அதில் என்ன எழுதப்பட வேண்டும் என்று நாம் நின்று சொல்லாவிட்டால் அவர் எழுதமாட்டார். வாங்கும் முன் அனுப்பிய குறுஞ்செய்திகளில் அவர் 72 வோல்ட், 45 அம்பியர் என்று எழுதியிருந்ததுதான் இன்று என்னிடம் மிஞ்சியுள்ள எழுத்துச் சான்று.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். "அடுத்த வாரம் புதுப் பற்றரி வருது" என்று கடைக்காரர் மூன்று முறை சொன்னதை நம்பியதில், வண்டி வாங்கி ஏழு வாரம் கழிந்திருந்தது. அந்த அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்ட பிறகே இந்தக் காலக்கெடு தெரிந்தது. எட்டாம் வாரத்தில் முறைப்பாட்டைக் கையளித்தேன். தராசின் படம், சார்ஜர் தகட்டின் படம், மின்மானிக் குறிப்பு, குறுஞ்செய்திப் பிரதிகள் ஆகியவற்றோடு, மோட்டரிலிருந்து உரித்த அந்த "8000 வாட்" ஒட்டியையும் ஒரு கடித உறைக்குள் வைத்து இணைத்திருக்கிறேன்.

இரண்டு இலட்சம் ரூபா திருப்பித் தருவதாகவும் முறைப்பாட்டை மீளப்பெற வேண்டும் என்றும் போன கிழமை கடையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். மறுத்துவிட்டேன். பற்றரி முத்திரை உடையாமல் மாமாவின் களஞ்சியத்தில், நெல் மூடைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வயலுக்கு நான் பழைய பெற்றோல் வண்டியிலேயே போய்வருகிறேன்.