கால்சியம் ஆல்ஜினேட் டிரெஸ்ஸிங்: நீரை உறிஞ்சும், புண்ணை ஆற்றுமா?

சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கு ஆல்ஜினேட் வாங்குகிறவர்களில் பலர் அதை மருந்தென்றே நினைக்கிறார்கள். அது மருந்தல்ல, நல்ல வடிகால். அந்த வேலைக்கென்று வாங்கினால் கொடுத்த காசு வீண் போகாது.

உறையைப் பிரித்தால் பஞ்சு மாதிரி ஒரு வெள்ளைத் தகடு. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுத்த நார். மன்னார் வளைகுடாவில் அள்ளும் கட்டக்கோரையிலும் பக்கோடா பாசியிலும் இருப்பது இதே ஆல்ஜினேட்தான். புண்நீரிலுள்ள சோடியம் நாரிலுள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்ததும் நார் கூழாகிவிடும். தன் எடையைப் போல 15 முதல் 20 மடங்கு நீர் குடிக்கும்.

எல்லா ஆல்ஜினேட்டும் ஒன்றல்ல. குலுரானிக், மானுரானிக் என்ற இரண்டு அமிலங்கள் கோத்த சங்கிலிதான் அது. குலுரானிக் அமிலம் மிகுந்த வகை, கால்ட்டோஸ்டாட் என்ற பிராண்டு போல, கூழான பிறகும் உருக்குலையாமல் ஒரே துண்டாக எழும்பி வரும். மானுரானிக் மிகுந்தது கொழகொழவென்றாகும். சலைன் (கிருமியற்ற உப்புநீர்) ஊற்றிக் கழுவித்தான் எடுக்க வேண்டும். ஆழமான குழிப்புண்ணுக்கு முதல் வகையே மேல்.

புண்ணை 0.9 சதவீத சலைனால் கழுவி, சுற்றியுள்ள தோலை மட்டும் ஒற்றித் துடைத்து, தகட்டைப் புண்ணின் அளவுக்கே வெட்டி, நனைக்காமல் வைக்க வேண்டும். விளிம்பைத் தாண்டிப் போனால் நல்ல தோலும் ஊறி வெளுத்து உரியும். குழியில் தளர்வாகத்தான் நிரப்ப வேண்டும். இறுக்கித் திணித்தால் நீர் குடித்து உப்பி, புண்ணின் அடியையே அழுத்தும். கயிறு வகை என்றால் ஒரு நுனி வெளியே தெரிய வேண்டும். மேலே காஸ் பேடோ (வலைத்துணி மெத்தை) ஃபோமோ (நுரைப்பஞ்சுத் தகடு) கட்டாயம். மேல்கட்டில் ஈரம் தெரிந்ததும் மாற்றிவிடலாம். நீர் அதிகமென்றால் தினமும், குறைந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. வெட்டியது போக மிஞ்சியதை உறையில் பத்திரப்படுத்தாதீர்கள், பிரித்த கணமே அதன் ஸ்டெரில் (கிருமியற்ற) தன்மை போய்விட்டது.

கட்டைப் பிரிக்கும்போது பழுப்பும் பச்சையும் கலந்த கூழ், கொஞ்சம் வாடையோடு வரும். சீழ் என்று பதற வேண்டாம், கழுவிவிட்டுப் பாருங்கள். கழுவிய பிறகும் நாற்றம், சிவப்பு, சூடு இருந்தால் அது கிருமித் தொற்று, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உலர்ந்த புண்ணிலும், இரத்த ஓட்டமின்றிக் கறுத்துக் காய்ந்த விரலிலும் இதை வைக்கவே கூடாது. கூழாக நீரில்லாததால் நார் ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் புதுத்தசையும் கூடவே வரும். ஒட்டிவிட்டால் சலைனில் ஊறவைத்து எடுங்கள்.

“விரைவில் ஆற்றும்” என்ற விளம்பரத்துக்கு வருவோம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2013 ஆய்வுத் தொகுப்பில், சர்க்கரைப் புண்ணை ஆற்றுவதில் சாதாரண டிரெஸ்ஸிங்கைவிட ஆல்ஜினேட் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்புக்கான சர்வதேசக் குழுவின் 2023 வழிகாட்டுதலும், புண்ணை ஆற்றும் நோக்கத்தில் இதைப் போட வேண்டாம் என்கிறது. உள்ளங்கால் புண்ணில் பாரம் விழாமல் காக்கும் காலணியோ மாவுக்கட்டோ இல்லாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த தகடும் வீண்தான்.

இரண்டு நாள் கழித்துப் பிரித்தும் நார் கூழாகாமல் வெள்ளையாகவே இருந்தால் நீர் வற்றிவிட்டது என்று பொருள். அத்தோடு ஆல்ஜினேட்டை நிறுத்திவிட்டு ஒட்டாத வலைத்துணிக்கோ, புண்ணுக்கு ஈரம் தரும் கூழான ஹைட்ரோஜெல்லுக்கோ மாறிவிடலாம்.