ஒளிச் சிகிச்சைப் பிரிவு: ஒரு சொரியாசிஸ் நோயாளியின் மதிப்பீடு

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தோல் பிரிவில், தோல் தடித்துச் செதில் உதிரும் சொரியாசிஸ் நோய்க்காக நான் எடுத்துக்கொண்ட புற ஊதா ஒளிச் சிகிச்சையைப் பற்றிய மதிப்பீடு இது. தோல் எந்த அளவுக்குத் தெளிந்தது என்பதோடு, அதற்காக என் அன்றாட வாழ்க்கை எவ்வளவு விட்டுக்கொடுக்க நேர்ந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சிகிச்சை தொடங்கும் முன் மருத்துவர் ஒரு வினாத்தாளை நிரப்பச் சொன்னார். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஃபின்லே, கான் ஆகிய இருவர் உருவாக்கி 1994-இல் வெளியிட்ட தோல்நோய் வாழ்க்கைத்தரக் குறியீடு அது. கடந்த ஒரு வாரத்தில் அரிப்பும் வலியும் எப்படி இருந்தன, பிறர் முன் கூச்சப்பட நேர்ந்ததா, எந்தத் துணியை உடுத்துவது என்பதை நோய் தீர்மானித்ததா, தாம்பத்தியத்தில் இடர் உண்டானதா என்று 10 கேள்விகள். மொத்த மதிப்பெண் 30. அதில் 10-ஐத் தாண்டினாலே வாழ்க்கை மிகவும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்கிறார்கள். செதில் உதிர்வது தெரியும் என்பதால் கருப்புச் சட்டையை விட்டதையும், முடிதிருத்தும் கடையில் "இது ஒட்டுமா?" என்று கேட்ட பிறகு அங்கே போகாமல் இருந்ததையும் அதுவரை எந்த மருத்துவரும் என்னிடம் விசாரித்ததில்லை. உடம்பில் எத்தனை விழுக்காடு படர்ந்திருக்கிறது என்று மட்டும் அளந்தால், உள்ளங்கையில் மட்டும் வெடிப்பு உள்ள ஒருவர் சோறு பிசைந்து உண்ணப் படும் பாடு கணக்கில் வராமலே போய்விடும்.

ஏறத்தாழ 311 நானோமீட்டர் அலைநீள ஒளியை உமிழும் குழல் விளக்குகள் சூழ்ந்த கூண்டுக்குள், காப்புக் கண்ணாடியும் பிறப்புறுப்புக்கு மறைப்பும் அணிந்து நிற்க வேண்டும். தொடக்கத்தில் சில நொடிகள்தான். முந்தைய முறை தோல் சிவந்ததா, எரிந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே செவிலியர் நேரத்தைக் கூட்டினார். அந்தச் செவிலியரைத் தனியே பாராட்ட வேண்டும்: தரையில் உதிர்ந்ததை முகம் சுளிக்காமல் துடைத்தார், அடுத்தவர் காதில் விழாதபடி பேசினார். சில வாரங்களில் அரிப்பு அடங்கி உறக்கம் திரும்பியது. பிறகு முதுகிலும் கால்களிலும் இருந்த தடிப்புகள் தட்டையாகின. முடிக்கு அடியில் ஒளி சரியாகப் புகாததால் தலைக்கு மருந்து தடவுவது இன்னும் தொடர்கிறது.

வினாத்தாளின் பத்தாவது கேள்வி, சிகிச்சையே உங்களுக்கு எவ்வளவு தொல்லையாக இருந்தது என்பது. அதில்தான் இந்தப் பிரிவு தோற்கிறது. அலுவலக நேரத்தில் மட்டுமே இயங்குவதால், சில நிமிட ஒளிக்காக வாரம் மூன்று முறை அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது. நாட்கூலிக்கு வேலை செய்பவரால் இது இயலாது. சில வாரங்கள் விட்டுப்போனால் ஒளியின் அளவைக் குறைத்து மீண்டும் ஏற்ற வேண்டும் என்பதால், பட்ட பாடும் வீணாகிறது. இப்படி இடையில் நின்றுபோகிறவர்கள் விரைவான நிவாரணம் தேடி ஸ்டீராய்டு மாத்திரைக்கோ ஊசிக்கோ போய்விடுவார்களோ என்பதே என் கவலை, ஏனெனில் அவற்றைத் திடீரென நிறுத்தும்போது சீழ்க்கொப்புளங்களோடு நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும்.

உடம்பில் பரவலாகத் தடிப்பு உள்ளவர்களுக்கும், சொரியாசிஸுக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எடுக்கக் கூடாத கர்ப்பிணிகளுக்கும், மருத்துவர் ஆலோசனையோடு இச்சிகிச்சையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சேரும் முன் மாலை நேரம் ஒதுக்குவார்களா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நானும் நிர்வாகத்திடம் அதை எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறேன்.