தோலா, வெப்பிங்கா, நைலானா? டெல்டா ஈரத்தில் ஒரு ராணுவ செட்

பழைய ராணுவச் சாமான் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிடுகிறார்கள். கொஞ்ச காலம் போனபின் அலமாரியைத் திறந்து பார்த்தால் ஜோடியில்லாத பவுச், கார்க் இல்லாத தண்ணீர் பாட்டில், எந்தப் படையுடையது என்றே தெரியாத ஒரு பை என்று கிடக்கும். எதுவும் எதோடும் சேராது. ஒரு படை, ஒரு காலம், ஒரு மாதிரி என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு, அன்றைய சிப்பாய் இடுப்பிலும் தோளிலும் சுமந்த முழு செட்டையும் ஒவ்வொன்றாகக் கூட்டுவதில்தான் ருசி இருக்கிறது.

எங்கள் வீடு மன்னார்குடியில். நான் எடுத்தது பிரிட்டிஷ் 1937 மாதிரி வெப்பிங், அதாவது தடித்த பருத்திப் பட்டையில் செய்த பெல்ட்டும் பைகளும், அதிலும் இந்தியாவில் தைத்தது. ஆகவே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தோல், நைலான் என்ற மற்ற இரண்டையும் தீவிரமாக யோசித்துப் பார்த்துத்தான் இதற்கு வந்தேன்.

முதல் வழி, தோல். 1903 பந்தோலியர் (தோட்டாப் பைகள் கோத்த தோள்பட்டை) செட்டை முதல் உலகப் போரின் தொடக்கத்தில் இந்தியப் படையினர் பலர் அணிந்திருந்தார்கள். 1914 மாதிரி தோல் செட் வேறு கதை. 1908-லேயே பிரிட்டன் தோலை விட்டுப் பருத்திப் பட்டைக்கு மாறிவிட்டது; போர் மூண்டதும் லட்சக்கணக்கான புதுச் சிப்பாய்களுக்கு அதை நெய்து கொடுக்க முடியாமல் அவசரத்துக்கு மறுபடி தோலில் செய்தார்கள்.

இரண்டாவது, 1937 மாதிரி. பெல்ட், தோள்பட்டைகள், முன்னால் இரண்டு பெரிய பவுச், ஹேவர்சாக் என்ற சிறு பை, தண்ணீர் பாட்டிலும் அதன் தாங்கியும், பெயனெட் உறை மாட்டும் ஃப்ராக், மண்வெட்டி உறை. பவுச் ஒவ்வொன்றும் பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியின் இரண்டு மேகஸினை (தோட்டாப் பெட்டியை)க் கணக்கில் வைத்து வெட்டியது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் இந்தியப் படை சுமந்தது இதைத்தான்.

மூன்றாவது, அமெரிக்கச் சாமான். 1956-ல் வந்தது பருத்திக் கான்வாஸ். வியட்நாம் மழையில் அது நனைந்து கனத்து, காயாமல் மட்கத் தொடங்கியதால் 1967-ல் நைலானுக்குப் போனார்கள். எழுபதுகளில் வந்த ஆலிஸ் (ALICE) என்ற நைலான் செட் அதன் தொடர்ச்சி. இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கிறது, பாகங்கள் ஒன்றுக்கொன்று சுலபமாகப் பொருந்தும்.

அழகு என்று பார்த்தால் தோலுக்கு ஈடில்லை. அதில் விவாதமே வேண்டாம். விலையில் தோல் மேலே, அமெரிக்க நைலான் கீழே, 37 நடுவில். ஆனால் நைலானுக்குக் கப்பல் கூலியும் சுங்கமும் சேர்த்தால் அந்த லாபம் கரைந்துவிடும். ஊர்த் தொடர்பு என்று கேட்டால் 37-க்குத்தான் என் ஓட்டு. இந்தப் பட்டையை மாட்டியவர்கள் ஒரு பக்கம் மட்டும் நின்றவர்கள் இல்லை. 1942-ல் சிங்கப்பூர் விழுந்தபோது பிரிட்டிஷ் கிடங்குகளில் இருந்த சாமான்தான் பின்னால் இந்திய தேசிய ராணுவத்துக்கும் போயிற்று. அந்தப் படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் பலர்; நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன தஞ்சாவூர்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். ஒரே பவுச் இரண்டு கொடிக்கும் கீழே நடந்திருக்கிறது. அமெரிக்கச் சாமானில் எனக்கு இப்படி ஒரு பிடிப்பு வரவில்லை. வருகிறவர்களுக்கு வரட்டும்.

கிடைப்பதிலும் 37-க்கு ஒரு வசதி உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகும் வெகுகாலம் இந்திய ராணுவம் இதை விடவில்லை. காவல்துறையிலும் என்சிசியிலும் இதன் பெல்ட் வாரிசுகளைப் பார்த்தே வளர்ந்தோம். அதனால் முன்னாள் ராணுவத்தினர் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கிறது. காயலான் கடைகளிலும் வரும், ஆனால் முழுசாக வராது. கும்பகோணம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் சொன்னது: "துணிய யாரு தம்பி கேக்குறா? பித்தளைய அறுத்து எடுத்துட்டு மிச்சத்த அடுப்புல போட்டுருவோம்." பித்தளைக்கு எடைக்கு விலை உள்ள ஊர். பக்கத்திலேயே நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறைகள். பெல்ட் பக்கிள் உலைக்குப் போவதற்கு முன்னால் நீங்கள் போய்ச் சேர வேண்டும்.

சரி, இதெல்லாம் ஒரு பக்கம். எனக்கு முடிவைத் தீர்த்தது பராமரிப்பு. நம் ஊர் மழையின் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. ஐப்பசி அடைமழையில் சுவரே வியர்க்கும். அலமாரிக் கதவு உப்பிக்கொண்டு திறக்க மறுக்கும். சேகரிப்பாளர்கள் தரும் அறிவுரையில் பாதி, வறண்ட குளிர் நாடுகளில் அட்டைப்பெட்டிக்குள் வைத்துப் பழகியவர்களுடையது. அதை அப்படியே இங்கே செய்தால் கார்த்திகைக்குள் பெட்டி முழுக்கப் பூஞ்சணம்தான். ஈரமுறிஞ்சும் மின்கருவி வாங்கலாமே என்பார்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறியபோது எங்கள் பக்கம் பல நாட்கள் மின்சாரமே இல்லை. சரியாகக் கருவி தேவைப்படுகிற நேரத்தில் கரன்ட் இருக்காது என்பது டெல்டாவின் வழக்கம்.

ஆகவே எந்தச் சாமான் கெடாது என்று தேடுவதை நிறுத்திவிட்டேன். மூன்றும் கெடும். கெட்டபின் எதை மீட்க முடியும் என்பதுதான் கேள்வி.

தோலை எடுத்துக்கொள்வோம். என் அனுபவம் ஒரே ஒரு பந்தோலியரோடு சரி, அதையும் கைமாற்றிவிட்டேன். ஈரத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் பூக்கும், அதைத் துடைத்துவிடலாம். பிரச்சினை எண்ணெயில் இருக்கிறது. காயாமல் இருக்க எண்ணெய் தடவச் சொல்வார்கள். நம் ஊரில் செருப்புக்கே விளக்கெண்ணெய் தடவும் பழக்கம் உண்டு. ஆனால் எண்ணெய் அதிகமான தோல்தான் பூஞ்சணத்துக்கு விருந்து. தடவாமல் விட்டால் கோடையில் வெடிக்கும். பித்தளை ஆணியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு மெழுகு போலத் திரளும், தோலில் இருக்கிற கொழுப்பும் செம்பும் சேர்ந்து உண்டாக்குவது அது. சுரண்டினால் மறுபடி வரும். கடைசியில் மேல்புறம் செம்மண் பொடியாக உதிரத் தொடங்கினால் அதோடு முடிந்தது; இறுக்கிப் பிடித்து வைக்கலாமே தவிர, பழைய நிலைக்குக் கொண்டுவர எந்தக் கைவேலையும் இல்லை.

நைலான் எனக்குச் சொந்தமாக இல்லை. திருவாரூர் நண்பர் ஒருவரிடம் ஆலிஸ் செட் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். பெல்ட்டும் பவுச்சும் பிரமாதமாக நிற்கின்றன. நனைந்தாலும் மின்விசிறிக் காற்றில் காய்ந்துவிடும், பூஞ்சணத்துக்கு அதில் சாப்பிட ஒன்றுமில்லை. ஆனால் முதுகுப்பையின் உட்புறத்தில் தண்ணீர் புகாமல் இருக்கப் பூசிய பாலியூரிதேன் வெப்பத்தோடு ஈரமும் சேர்ந்தால் சிதைந்து பிசுபிசுக்கிறது. ஒரு புளித்த நாற்றம் வேறு. அவர் பையின் மடிப்புகள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது உரிந்து வந்தன. சுரண்டி எடுத்தால் அது வெறும் துணிப்பை. இன்னொன்று, வெயில். நைலானை மொட்டைமாடியில் காயவைத்தே பழகினால் நிறமும் வலுவும் போகும். பை வேண்டாம், பெல்ட் செட் மட்டும் போதும் என்பவருக்கு நைலான்தான் குறைந்த தொல்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

37 வெப்பிங் ஈரத்துக்கு ஏற்றது என்று நான் சொல்லமாட்டேன். பர்மாக் காட்டில் அது தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போனதால்தான் எடை குறைந்த, சீக்கிரம் காயும் 1944 மாதிரியையே உருவாக்கினார்கள். பருத்தி என்பதால் பூஞ்சணத்துக்குப் பிடித்தமான சாப்பாடும்கூட. ஆனால் அதற்கு வருகிற வியாதிகள் எல்லாம் நம் வீடுகளுக்குப் பழக்கமானவை. பூஞ்சணம் வந்தால் வெளியில் கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்ட வேண்டும். தேவைப்பட்டால் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் தட்டையாக விரித்துக் காயவைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, பட்டை சுருங்கி முனைப் பித்தளை இழுத்துக்கொள்ளும். கறுப்புப் புள்ளி தங்கிவிட்டால் தங்கட்டும். ப்ளீச்சிங் பவுடரைத் தொடவே வேண்டாம், நூல் இற்றுவிடும். சிப்பாய்கள் பட்டைக்கு நிறமேற்றப் பூசிய பழைய பிளாங்கோ பூச்சு இருந்தால் அலசுவதே கூடாது. அந்தக் காக்கிப் பச்சை அடுக்குகளும் அந்தச் சாமானின் சரித்திரம்தான், போனால் வராது.

பித்தளையில்தான் நம்மவர்கள் தப்புச் செய்கிறார்கள். வீட்டில் குத்துவிளக்கு தேய்க்கிற கை, பக்கிளுக்கும் புளியை எடுக்கும். கழற்றிய தனிப் பித்தளைக்கு அது சரி. பட்டையோடு தைத்திருக்கிற பித்தளையில் புளியின் அமிலம் நெசவுக்குள் இறங்கி நூலைப் பலவீனமாக்கும். கடையில் விற்கும் பிராஸோ பாலிஷும் அப்படித்தான், ஓரத்தில் வெள்ளைப் பொடியும் பச்சைக் கறையுமாக உறைந்து நிற்கும். என்சிசி பையன்கள் பக்கிளுக்கு அடியில் அட்டையைச் செருகித் தேய்ப்பார்கள்; அந்த முறை போதும். நான் பளபளப்பை விட்டே விட்டேன். உலர்ந்த துணியால் துடைத்து, கொஞ்சம் மெழுகு தொட்டு வைக்கிறேன். போர்க்கால மங்கல் நிறத்தோடு அது பொருந்தியும் இருக்கிறது.

இந்த செட்டில் உண்மையான பலவீனம் தண்ணீர் பாட்டில். எனாமல் பூசிய இரும்புக்கு மேலே கம்பளி உறை. எனாமல் தெறித்த இடத்தில் துரு, கம்பளியில் பூச்சி. கார்க்கை மூடி வைக்காதீர்கள், உள்ளே ஈரம் தங்கும். வேப்பிலையும் வசம்பும் துணிப் பொட்டலத்தில் கட்டி அருகில் வைக்கிறேன். முழுக்கக் காக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் மாதம் ஒருமுறை பொட்டலம் மாற்றப் போகிற சாக்கில் சாமானைப் பார்த்துவிடுகிறோம், பாதுகாப்பில் பாதி அதுதான். மரப்பெட்டி வேண்டாம், கரையானுக்குக் கதவு திறந்த மாதிரி. தரையிலிருந்து உயர்ந்த இரும்பு ஷெல்ஃப், சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி, மேலே இறுக்கி மூடாமல் ஒரு பருத்தித் துணி. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் இரும்பு உறுப்புகள் உள்ள பாகங்களை உப்புக்காற்றுப் படாமல் தனியாக வைக்க வேண்டும்.

பழுதுபார்ப்பதிலும் இதே கதைதான். தொலைந்துபோன ஒரு கொக்கியை நாச்சியார்கோவில் பட்டறையில் மாதிரி காட்டி வார்த்து வாங்கினேன். வேலை சுத்தமாக இருந்தது. அதனாலேயே பின்பக்கம் ஒரு புள்ளி குத்திவைத்தேன், நாளைக்கு யாரும் அசல் என்று நம்பி ஏமாறக்கூடாது. பிரிந்த தையலைச் செருப்புத் தைக்கும் அண்ணன் பழைய துளைகளிலேயே பருத்தி நூல் கோத்துக் கொடுத்தார். ஆலிஸின் பிளாஸ்டிக் பூட்டு உடைந்தால் இங்கே யாரிடம் போவது?

நகல் பற்றி ஒரு எச்சரிக்கை. 37 வெப்பிங்கின் நகல்களை இன்றைக்கும் இந்தியாவில் தைத்து வெளிநாட்டு ஆர்வலர்களுக்கு அனுப்புகிறார்கள், அவற்றில் சில இங்கேயே அசலாகச் சுற்றுகின்றன. இந்தியப் போர்க்கால நெசவு பிரிட்டிஷ் நெசவைவிடத் தளர்வு, செய்த இடமும் வருஷமும் காட்டும் முத்திரையின் மையும் பெரும்பாலும் கலைந்திருக்கும். ஆகவே சொரசொரப்பைப் பார்த்து நகல் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. முத்திரையில் சி எழுத்துக்குள் அம்புக்குறி இருந்தால் கனடாவில் செய்தது, இரண்டு டி-க்கு நடுவே இருந்தால் ஆஸ்திரேலியா. புற ஊதா டார்ச் அடித்தால் பிற்கால நூல் நீலமாக ஒளிரும் என்பார்கள். உண்மைதான், ஆனால் யாராவது இன்றைய சலவைத்தூளில் துவைத்திருந்தால் அசலும் ஒளிரும். டார்ச்சை மட்டும் நம்பிப் பேரம் பேசாதீர்கள்.

விற்பதைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது. வாங்கியவன், விற்றது கொஞ்சம்தான். பார்த்தவரையில் ஒரே நாட்டுத் தயாரிப்பாக, ஒன்றிரண்டு வருஷ வித்தியாசத்துக்குள் முத்திரை பொருந்துகிற செட்டுக்குத்தான் கேட்ட விலை வருகிறது. கலவையாக இருந்தால் வாங்குபவர் ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாகப் பேரம் பேசுவார்.

எந்த செட்டை எடுத்தாலும் பெயனெட்டை விட்டுவிடுங்கள். ஆயுத விதிகளில் பெயர் சொல்லியே அது ஆயுதமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஃப்ராக் காலியாகத் தொங்கினால் செட்டுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பதும் வேண்டாம்; 2016-ல் பதான்கோட் தாக்குதலுக்குப் பிறகு ராணுவ மாதிரி உடைகளை அணிய வேண்டாம் என்று ராணுவமே பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது.

புதிதாகத் தொடங்குகிறவர் 37-ஐத் தேர்ந்தெடுத்தால் பெல்ட்டில் ஆரம்பிக்காதீர்கள், அது எப்போதும் கிடைக்கும். முத்திரை தெளிவாக உள்ள ஒரு ஜோடி பவுச்சை முதலில் பிடியுங்கள். மற்ற பாகங்களுக்கு எந்த வருஷம், எந்த நிறம் என்று அதுவே சொல்லிவிடும். வாங்குவது மாசியிலிருந்து ஆடிக்குள் இருக்கட்டும். மழைக்காலத்தில் வாங்கும் வெப்பிங்கில் எத்தனை ஈரம் ஒளிந்திருக்கிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.