'சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்', 'தீவு': எதை முதலில் படிப்பது?

இரண்டும் தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சிக்கு எதிரான நாடகங்கள். அதோல் ஃபியூகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் இன்ட்ஷோனா ஆகிய மூவரும் சேர்ந்து உருவாக்கியவை. கேப் டவுனின் ஸ்பேஸ் அரங்கில் முதலாவது 1972இலும் அடுத்தது 1973இலும் மேடையேறின. இரண்டிலும் நடிகர்கள் இருவர்தான்.

'சிஸ்வே பான்சி' பாஸ் புத்தகத்தின், அதாவது கறுப்பினத்தவர் அன்று கையில் வைத்திருக்க வேண்டியிருந்த அடையாள, அனுமதிப் புத்தகத்தின் கதை. கறுப்பின மனிதன் எங்கே தங்கலாம், வேலை தேடலாமா என்பதை அந்தப் புத்தகத்தின் முத்திரைதான் முடிவு செய்தது. நகரில் தங்க அனுமதியில்லாத சிஸ்வே, தெருவில் செத்துக் கிடந்தவனின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, தன் பெயரையே புதைக்கிறான். தொடக்கத்தில் புகைப்படக்காரர் ஸ்டைல்ஸ் பேசும் நீண்ட பேச்சில் சிரிப்பு பொங்குகிறது. பிழைப்பதற்காகப் பெயரை விடலாமா என்று சிஸ்வே தவிக்கும்போது அந்தச் சிரிப்பு நமக்கு நின்றுவிடுகிறது.

'தீவு' அரசியல் கைதிகளை அடைத்து வைத்த ராபன் தீவுச் சிறையைக் காட்டுகிறது. மணலை அள்ளி அள்ளிக் கொட்டும் பயனற்ற உழைப்பு பேச்சே இல்லாமல் நீள்கிறது. பிறகு இரு கைதிகள், அரசனின் ஆணையை மீறும் பெண்ணைப் பற்றிய சோபாக்ளிசின் பழைய கிரேக்க நாடகமான 'ஆன்டிகனி'யை நடிக்கத் தயாராகிறார்கள். அந்தச் சிறையில் 'ஆன்டிகனி' உண்மையிலேயே நடிக்கப்பட்டது. அந்த அரசன் கிரியோனாக நடித்தவர் மண்டேலா.

மேடையில் 'தீவு' வலிமையானது. ஆனால் படிப்பவருக்கு அந்த மௌனம் எட்டுவது கடினம். அதனால் 'சிஸ்வே'யையே முதலில் படிக்கச் சொல்வேன். இவ்விரண்டிலும் நடித்ததற்காகவே கானியும் இன்ட்ஷோனாவும் 1975இல் அமெரிக்க நாடகத் துறையின் டோனி விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். மறு ஆண்டே தென்னாப்பிரிக்காவில் கைது செய்யப்பட்டார்கள்.